நான்கு எட்டுகளின் மகிமை

ஆன்லைன் ஆட்டம் நின்று நின்று ஓடுகிறது என்று யாரிடம் சொன்னாலும் சரி, புனேயில் இன்ஜினியரிங் படிக்கும் மாணவனோ கௌஹாத்தியில் மொபைல் கடை வைத்திருப்பவரோ, கையோடு கிடைக்கும் வைத்தியம் ஒன்றுதான்: டிஎன்எஸ்ஸை மாற்று. போனிலோ கம்ப்யூட்டரிலோ டிவியோடு இணைத்த பிளேஸ்டேஷனிலோ செட்டிங்ஸுக்குள் போய், இருக்கிற எண்ணை அழித்துவிட்டு 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ போட வேண்டும். காசு செலவில்லை, மெக்கானிக் வரத் தேவையில்லை, இரண்டு நிமிட வேலை. சுக்குக் கஷாயத்தைப் போல எல்லா நோயையும் தீர்க்கும் என்ற பெயர் இதற்கு வந்துவிட்டது. சுக்குக் கஷாயம் ஜீரணத்துக்கு நல்லதுதான். காலில் எலும்பு முறிந்தவருக்கு அதைக் கொடுத்து நடக்கச் சொல்லும்போதுதான் சிக்கல்.

டிஎன்எஸ் என்பது டொமைன் நேம் சிஸ்டம் என்பதன் சுருக்கம். இன்டர்நெட்டில் இருக்கும் ஒவ்வொரு சர்வருக்கும் எண்தான் விலாசம். மனிதர்களுக்கோ பெயர்தான் நினைவில் நிற்கும். பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தரும் டெலிபோன் டைரக்டரிதான் டிஎன்எஸ். அர்பாநெட் காலத்தில் இந்த டைரக்டரி ஒரே ஒரு பட்டியலாக இருந்தது. கலிஃபோர்னியாவில் எஸ்.ஆர்.ஐ. என்ற ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபெய்ன்லரின் குழு அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு கம்ப்யூட்டரைச் சேர்ப்பவர்கள் அங்கே சொல்லிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருகப் பட்டியல் தாங்கவில்லை. 1983ல் பால் மொகபெட்ரிஸ், டைரக்டரியைத் துண்டு துண்டாக உலகம் முழுக்கப் பிரித்து வைக்கும் இன்றைய ஏற்பாட்டை வடிவமைத்தார்.

வீட்டில் இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும் நிறுவனமே டைரக்டரி பார்த்துச் சொல்லும் சர்வரையும் கொடுத்துவிடுகிறது. பெரும்பாலோர் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் காலம் தள்ளுகிறார்கள். நிறுவனத்தின் சர்வர் மந்தமாகவோ ஓவர்லோடாகவோ இருந்தால் வேறு சர்வரிடம் கேட்கலாம். கூகுள் 2009 டிசம்பரில் 8.8.8.8 என்ற எண்ணில் இந்தச் சேவையை இலவசமாகத் திறந்தது. க்ளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் 1.1.1.1 வந்தது 2018 ஏப்ரல் 1 அன்று. நான்கு எட்டுகளுக்குப் புகழ் சேர்த்தது துருக்கி. 2014 மார்ச்சில் அந்நாட்டு அரசு ட்விட்டரை முடக்கியபோது, தடையைத் தாண்ட வழி சொல்லி இஸ்தான்புல் சுவர்களில் அந்த எண்ணைப் பெயின்ட்டில் எழுதி வைத்தார்கள். சில நாட்களில் துருக்கி அந்த எண்ணுக்குப் போகும் பாதையையும் மறித்துவிட்டது என்பது கதையின் மறு பாதி. அது அவ்வளவாகப் பரவவில்லை.

ஆட்டக்காரர்களுக்கு முக்கியமான விஷயம், டைரக்டரியை எப்போது பார்க்கிறார்கள் என்பதுதான். ஆட்டத்தைத் திறக்கும்போது, லாகின் செய்யும்போது, புதிய அப்டேட்டை இறக்கும்போது, கடையில் எதையாவது வாங்கும்போது பெயரை எண்ணாக மாற்ற வேண்டியிருக்கிறது. எண் கிடைத்ததும் போனோ கம்ப்யூட்டரோ அதைக் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. களத்தில் இறங்கிய பிறகு டைரக்டரிக்கு அநேகமாக வேலையே இல்லை. வாலரன்ட் ஆட்டத்தில் சர்வர் விநாடிக்கு 128 முறை யார் எங்கே நிற்கிறார், யார் யாரைச் சுட்டார் என்று கணக்குப் பார்க்கிறது. அந்த 128 முறையில் ஒரு முறைகூட யாரும் டைரக்டரியைப் புரட்டுவதில்லை. தகவல் பொட்டலங்கள் எண்ணிலிருந்து எண்ணுக்கு நேராகப் போய் வருகின்றன.

ஆக, நோயைப் பிரித்துப் பார்ப்பது சுலபம். ஆட்டம் திறக்க மறுக்கிறது, ‘சர்வர் கிடைக்கவில்லை’ என்கிறது, லாகின் பாதியில் சுற்றிக்கொண்டே இருக்கிறது, விளையாட்டுப் பெட்டி டிஎன்எஸ் பிழை என்றே சொல்கிறது. இங்கெல்லாம் எண்ணை மாற்றிப் பார்ப்பது நியாயம். பல நேரங்களில் உடனே குணம் தெரியும். ஆனால், உள்ளே நுழைந்து நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆட்டம் எதிரி சுடும் நேரம் பார்த்து உறைகிறது, பிங் திடீரென்று எகிறுகிறது என்றால் நான்கு எட்டுகளும் நான்கு ஒன்றுகளும் கைகொடுக்காது. மாற்றியதும் சரியாகிவிட்டது என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. எண்ணை மாற்றும்போது இணைப்பைத் துண்டித்து மறுபடி போட்டார்கள் அல்லது கூட்டம் குறைந்த நேரத்தில் ஆடினார்கள். பெரும்பாலும் விஷயம் அவ்வளவுதான்.

பிங் என்பது பொட்டலம் சர்வர் வரை போய்த் திரும்பும் நேரம். இதில் பூகோளம்தான் முதலாளி. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. மும்பையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறக்குறைய 3,900 கிலோமீட்டர். போய்வர 7,800 கிலோமீட்டர் என்று வைத்தால் 39 மில்லி விநாடி. கடலடி கேபிள் நேர்கோட்டில் போவதில்லை. வழியில் எத்தனையோ கருவிகள் பொட்டலத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு அனுப்புகின்றன. எனவே நடைமுறையில் இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். எந்தச் செட்டிங்கை மாற்றியும் 39ஐ 20 ஆக்க முடியாது. கம்பெனி மும்பையில் சர்வர் வைத்திருந்தால்தான் உண்டு. அப்போதும் மும்பைக்காரருக்குக் கிடைக்கும் பிங், 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கௌஹாத்திக்காரருக்குக் கிடைக்காது.

தூரத்தைவிட எரிச்சலூட்டுவது சுற்றுவழி. இரண்டு இன்டர்நெட் நிறுவனங்களின் வலைகள் எங்கே சந்திக்கின்றனவோ அங்கே போய்த்தான் பொட்டலம் மாற வேண்டும். ஒரே ஊரில் இருக்கும் இரண்டு பேருக்கு இடையிலான தகவல்கூட வெளிநாடு போய்த் திரும்பிய காலம் இந்தியாவில் இருந்தது. அதை மாற்றத்தான் 2003ல் நிக்ஸி என்ற பரிமாற்ற அமைப்பு தொடங்கப்பட்டது. இப்போதும் அடுத்த தெரு நண்பனுக்கு 30, தனக்கு 90 என்று பிங் காட்டினால் காரணம் பாதையாக இருக்க வாய்ப்பு அதிகம். இதை நிறுவனம்தான் சரிசெய்ய வேண்டும். கஸ்டமர் கேரில் பேசுகிறவரோ மோடத்தை அணைத்துப் போடச் சொல்வார்.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் வில்லன்களைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. பழைய வைஃபை பெட்டிகள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று. அடுக்குமாடிக் குடியிருப்பில் முப்பது வீட்டுப் பெட்டிகள் அந்த மூன்றுக்குள் முட்டிமோதுகின்றன; மைக்ரோவேவ் அடுப்பும் தன் பங்குக்கு இரைச்சல் போடுகிறது. இன்னொன்று வரிசை. அக்காவின் போன் கல்யாண போட்டோக்களை க்ளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போது, தம்பியின் துப்பாக்கிக் குண்டு மோடத்துக்குள் அந்தப் போட்டோக்களுக்குப் பின்னால் க்யூவில் நிற்கிறது. இருவருக்குமே ஏன் என்று தெரியாது. சண்டை மட்டும் வரும். அதிக வேகமுள்ள பிளானுக்கு மாதம் கூடுதலாக நானூறு, ஐந்நூறு ரூபாய் கட்டச் சம்மதிக்கும் அப்பாக்கள், மோடத்திலிருந்து ஒரு கேபிளை இழுத்து நேராகச் சொருகிப் பார்த்தால் பணம் மிச்சமாகலாம்.

விலாசப் பஞ்சம் என்ற ஒரு பிரச்சினையும் உண்டு. பழைய முறையில் உலகம் முழுமைக்கும் சுமார் 430 கோடி எண்கள்தான் இருந்தன. ஆசிய பசிபிக் பகுதிக்கான கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அதனால் ஒரே பொது எண்ணைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். விளையாடுபவர்களின் பெட்டிகள் நேரடியாக ஒன்றையொன்று தேடும் ஆட்டங்களிலும், நண்பர்களோடு பேசிக்கொண்டே ஆடும்போதும் இது உதைக்கிறது. வெளியிலிருந்து வரும் அழைப்பு எந்த வீட்டுக்கு என்று தெரியாமல் வாசலிலேயே திரும்பிவிடுகிறது. தீர்வு புதிய ஐபிவி6 விலாசங்கள். உலகில் அதை அதிகம் பயன்படுத்தும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆனால், ஆட்டத்தை நடத்தும் கம்பெனியும் அதை ஏற்றால்தான் பலன்.

டைரக்டரியே சீர்குலைந்த நாட்களும் உண்டு. 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் இருந்த டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தின் மீது, வைரஸ் பிடித்த காமிராக்களும் மோடங்களும் கூட்டமாகப் பாய்ந்தன. ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் தடுமாறின. 2020 டிசம்பரில் இந்த வழக்கில் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சம்பவத்தின்போது அவர் மைனர். அவருடைய கூட்டம் குறிவைத்தது சோனியின் பிளேஸ்டேஷன் விளையாட்டுத் தளத்தை. மற்றவை கூடவே விழுந்தவை. அடுத்தது 2025 அக்டோபர் 20. தீபாவளியன்று பகல் 12 மணிக்குச் சற்றுப் பின், வர்ஜீனியாவில் உள்ள அமேசானின் கம்ப்யூட்டர் மையத்தில் டிஎன்எஸ் பதிவைத் தானாகவே புதுப்பிக்கும் புரோகிராம்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. முக்கியமான ஒரு பெயருக்கு எதிரே எண்ணே இல்லாமல் போயிற்று. ஃபோர்ட்நைட், ரோப்ளாக்ஸ் என்று பல ஆட்டங்கள் படுத்தன. அன்றைக்கு டிஎன்எஸ்ஸை மாற்றிப் பார்த்தவர்களுக்குப் பலன் இல்லை. மூலப் பதிவே காலியாக இருக்கும்போது யாரிடம் கேட்டாலும் பதில் ஒன்றுதான். க்ளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 சேவையே 2025 ஜூலையில் ஒரு நாள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் படுத்திருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட யோசிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. டிஎன்எஸ்ஸை மாற்றுவது என்றால், வீட்டின் டெலிபோன் டைரக்டரியை வேறொருவர் கையில் ஒப்படைப்பது. யார் எந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். எண்ணை மாற்றிச் சொல்லவும் அவரால் முடியும். இது வெறும் பயமுறுத்தல் அல்ல. எஸ்தோனியாவைச் சேர்ந்த ஒரு கும்பல், டிஎன்எஸ் சேஞ்சர் என்ற வைரஸ் மூலம் 100 நாடுகளில் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களின் டிஎன்எஸ் எண்ணைத் தன் சர்வர்களுக்கு மாற்றி வைத்தது. கேட்ட தளத்துக்குப் பதிலாக வேறு தளம், உண்மையான விளம்பரத்துக்குப் பதிலாக இவர்கள் விளம்பரம். இப்படிச் சம்பாதித்தது சுமார் 1 கோடியே 40 லட்சம் டாலர். 2011 நவம்பரில் எஃப்.பி.ஐ. வலை விரித்தது, எஸ்தோனியாவில் ஆறு பேர் பிடிபட்டார்கள். பிறகுதான் வேடிக்கை. திருட்டு சர்வர்களை அணைத்தால் அத்தனை கம்ப்யூட்டர்களும் இன்டர்நெட்டை இழக்கும். கோர்ட் அனுமதியோடு நல்ல சர்வர்களை அதே இடத்தில் வைத்து, 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள்.

அந்தக் கும்பல் வைரஸ் அனுப்பி எண்ணை மாற்ற வேண்டியிருந்தது. இன்றைக்குப் பதினைந்து வயதுப் பையன், பிங் குறையும் என்று யாரோ வீடியோவில் சொன்ன எண்ணைத் தானே டைப் செய்கிறான். அதையும் தன் போனில் மட்டும் செய்தால் பரவாயில்லை. மோடத்திலேயே மாற்றிவிட்டால், அதே வைஃபையில் அம்மா மின்கட்டணம் கட்டுவதும் அப்பா பாங்க் கணக்கைப் பார்ப்பதும் அந்த முகம் தெரியாத டைரக்டரி வழியாகத்தான். போலித் தளத்துக்குப் போனால் பிரவுசர் எச்சரிக்கும் என்பது உண்மை. எச்சரிக்கையைப் படிக்காமல் தட்டிவிட்டுப் போவதும் உண்மை. ‘கேமிங் டிஎன்எஸ்’ என்று ஆப் ஸ்டோர்களில் கிடைக்கும் ஆப்களில் பல, போனின் மொத்தப் போக்குவரத்தையும் தம் வழியே திருப்பும் விபிஎன் அனுமதியைக் கேட்கின்றன. ஒரு ஆட்டத்துக்காக அதைக் கொடுப்பது அதிகப்படி.

மாற்றித்தான் பார்க்க வேண்டும் என்றால் ஊரறிந்த எண்களோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்: கூகுளின் 8.8.8.8, 8.8.4.4, க்ளவுட்ஃப்ளேரின் 1.1.1.1, 1.0.0.1, குவாட்9 அமைப்பின் 9.9.9.9. மோடத்தைத் தொடாமல் விளையாடும் கருவியில் மட்டும் மாற்றினால் வீட்டில் மற்றவர்களுக்குத் தொல்லை இல்லை. மாற்றிய பிறகு அப்டேட் இறங்கும் வேகம் குறைகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சில இன்டர்நெட் நிறுவனங்கள் பெரிய ஃபைல்களின் நகலைத் தம் வலைக்குள்ளேயே வைத்திருக்கும். அவர்கள் டைரக்டரியைக் கேட்டால் அந்தப் பக்கத்து நகலைக் காட்டும், வெளியாளைக் கேட்டால் தூரத்து நகலுக்கு அனுப்பிவிடக்கூடும். ஆண்ட்ராய்டு போன்களில் 2018ல் வந்த 9ஆம் பதிப்பு முதல் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்ற வசதி இருக்கிறது. இங்கே எண்ணுக்குப் பதில் பெயர் கொடுக்க வேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் வைஃபை, மொபைல் டேட்டா இரண்டிலும் இன்டர்நெட் மொத்தமாக நின்றுவிடும். பலர் போன் கெட்டுவிட்டதென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது இந்தக் கட்டத்தில்தான். அதே இடத்தில் ‘ஆட்டோமேட்டிக்’ என்று மாற்றிவிட்டால் பழையபடி வேலை செய்யும்.