அத்தையின் இதயத்தில் கரி

செங்கற்பட்டில் என் அத்தை வீட்டுக் கூடத்தில் சுவர்க் கடிகாரம் கிடையாது. ஆனாலும் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் 'டிக்... டிக்...' என்று மெல்லிய சத்தம் கேட்கும். முதல் தடவை கேட்பவர்கள் எழுந்து உட்கார்ந்து நாலா பக்கமும் தேடுவார்கள். "தேடாதே அப்பா, அது நான்தான்" என்பாள் அத்தை, இருட்டிலிருந்து.

சின்ன வயசில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்த மூட்டுவாதக் காய்ச்சல் அவளுடைய இதய வால்வைக் கெடுத்துவிட்டது. பிற்பாடு ஆபரேஷன் செய்து செயற்கை வால்வு பொருத்தினார்கள். அதன் இதழ்கள் மூடிக்கொள்ளும் சத்தம்தான் அது. அந்த இதழ்கள் எதனால் ஆனவை என்று நினைக்கிறீர்கள்? கரியால்!

சென்ற மாதம் போயிருந்தபோது அத்தை என்னைக் கேட்டாள்: "எதிர் வீட்டுப் பிள்ளை சொல்கிறான், கரி ரத்தத்துக்கு ரொம்ப ஒத்துக்கொள்ளுமாம். அப்படியானால் ரத்தம் உறையாமலிருக்க நான் எதற்குத் தினமும் மாத்திரை விழுங்குகிறேன்? நிறுத்திவிட்டால் என்ன?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கேள்வி முளைத்திருக்கக்கூடும். ஆகவே அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

நம் பாட்டிமார் கண்மை கூட்டியதைப் பார்த்திருப்பீர்கள். விளக்கெண்ணெய் விளக்கை ஏற்றி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தால் அதில் கரி படியும். வால்வுக் கரியும் ஏறக்குறைய அதே மாதிரிதான். புரொபேன் போன்ற வாயுவை 1000 டிகிரிக்கு மேல் காய்ச்சி, அதிலிருந்து பிரியும் கரியை ஒரு கிராபைட் வில்லையின் மேல் படிய விடுகிறார்கள். இது விரலில் ஒட்டாது. தேய்த்து மெருகேற்றினால் கண்ணாடி போல் பளபளக்கும்; லேசில் தேயாது.

இதைக் கண்டுபிடித்தவர்கள் வைத்தியத்தை நினைத்துக் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. அமெரிக்காவில் அணு உலை எரிபொருள் மணிகளுக்கு மேல்பூச்சாக இதைத் தயாரித்துக்கொண்டிருந்தார் ஜாக் போக்ரோஸ் என்ற விஞ்ஞானி. ரத்தம் ஒட்டி உறையாத ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தார் வின்சென்ட் காட் என்ற சர்ஜன். 1960களில் இந்த இருவரும் சேர்ந்ததில் வந்ததுதான் கரி வால்வு. (திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். கல்பாக்கத்து உலைகளில் இந்த ரக எரிபொருள் இல்லை. அது வேறு சமாசாரம்.)

ஆக, ஒத்துக்கொள்ளும் என்பது மெய்தான். ஆனால் வீட்டுக்கு வந்த விருந்தாளியை உபசரிப்பது வேறு, சொந்தமாக்கிக்கொள்வது வேறு அல்லவா? ரத்தத்துக்குள் எந்த அன்னியப் பொருள் வந்தாலும் அதிலுள்ள புரதங்கள் உடனே ஓடிவந்து மேலே போர்த்திக்கொள்கின்றன. எந்தப் புரதம், எப்படி ஒட்டுகிறது என்பதைப் பொறுத்தே தட்டணுக்கள் சும்மா போகின்றன, அல்லது ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கட்டியாகின்றன. எல்லாம் மேற்பரப்பின் லட்சணம்.

இதற்கு மாமல்லபுரம் பக்கமே ஒரு சாட்சி உண்டு. கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், 1978இல் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. விஷமுறிவு மருந்து தயாரிக்க அவர்கள்தான் விஷம் எடுத்துக் கொடுக்கிறார்கள். கண்ணாடி விரியன் விஷம் ஏறினால் ரத்தம் உறையும் சக்தியை இழந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிஷம் அசையாமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்க்கிறார்கள். பிளாஸ்டிக் குழாய் கூடவே கூடாது! கண்ணாடியைத் தொட்டால் நல்ல ரத்தம் சீக்கிரம் உறையும். பிளாஸ்டிக் அப்படித் தூண்டுவதில்லை; நல்ல ரத்தமும் உறையாமல் ஓடி டாக்டரை ஏமாற்றிவிடும்.

கரிக்குள்ளேயே இந்த பேதம் உண்டு. பென்சில் முனையிலுள்ள கிராபைட்டை ஓரணு கனத்துக்கு உரித்தால் கிடைப்பது கிராபீன். 1 மில்லிமீட்டர் கனம் வர சுமார் 30 லட்சம் தாள்களை அடுக்க வேண்டும். இப்படிப்பட்ட 'நானோ' கரியைப் புற்றுநோய் மருந்து சுமக்கும் வாகனமாக்கலாமா என்று உலகமெங்கும் ஆராய்கிறார்கள். 2011இல் காசி இந்து சர்வகலாசாலையில் தேவவிரத தாஷ் குழுவினர் கிராபீன் ஆக்ஸைடு தாள்களை மனித ரத்தத்தின் தட்டணுக்களோடு சேர்த்துப் பார்த்தார்கள். அவை கும்பலாக ஒட்டிக்கொண்டன. எலியின் ரத்தத்தில் செலுத்தினால், நுரையீரல் ரத்தக் குழாய்கள் உறைகட்டியால் அடைபட்டன!

அவர்கள் அதோடு விட்டுவிடவில்லை. தாளின் மேல் 'அமீன்' என்ற நைட்ரஜன் சேர்க்கையை ஒட்டவைத்து, எதிர்மின் தன்மையை நேர்மின் தன்மையாக மாற்றி, 2012இல் மறுபடி சோதித்தார்கள். தட்டணுக்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிவப்பணுக்கள் உடையவில்லை. எலிக்கும் அடைப்பு இல்லை. கரி அதே கரிதான், மேல்சட்டை மட்டும் வேறு. எலியிடம் தேறியது மனுஷரிடம் தேற இன்னும் எத்தனையோ பரீட்சை உண்டு. அதற்குள் யாராவது 'நானோ கரி மருந்து' என்று விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

"அப்போ என் வால்வு?" என்றாள் அத்தை.

வால்வின் இதழ் வழவழப்புதான். ஆனால் அதை இதயத்தோடு தைத்திருக்கும் துணி வளையமும், ரத்தம் தயங்கி நிற்கும் கீல் மூலைகளும் இருக்கின்றனவே! அங்கே ஓர் உறைகட்டி உண்டானால் இதழ் சிக்கிக்கொள்ளலாம். மூளைக்குப் போனால் பக்கவாதம். ஆகவே மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. ரத்தப் பரிசோதனையும் உண்டு. மாத்திரை கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் உறைகட்டி. கல்யாணமான பெண்களுக்கு இந்த வால்வு இருந்தால், குழந்தைக்கு ஆசைப்படும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். வார்பரின் மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடியது.

"கீரையே தொடக்கூடாதாமே?"

"யார் சொன்னது? சாப்பிடலாம் அத்தை. ஆனால் ஒரு வாரம் தினம் கீரை, மறு வாரம் துளிகூட இல்லை என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அதிலுள்ள 'கே' வைட்டமின் மாத்திரையோடு மல்லுக்கு நிற்கும். அளவு ஒரே மாதிரி இருக்கட்டும்."

"எதிர் வீட்டுப் பிள்ளை வரட்டும், நானே சொல்லிக்கொள்கிறேன்" என்று எழுந்த அத்தை, அடுத்த ரத்தப் பரிசோதனை என்றைக்கு என்று காலண்டரைப் பார்க்கப் போனாள்.