பிரியான் நோய்: மாடுகளுக்குச் சான்று, மனிதர்களுக்கு?

புது தில்லி: "மேட் கவ்' எனப்படும் மாட்டு மூளை நோயைப் பொருத்தவரை, அபாயம் மிகக் குறைந்த நாடு என்ற தகுதியை 2010-ல் சர்வதேச கால்நடை சுகாதார அமைப்பு இந்தியாவுக்கு வழங்கியது. இறைச்சி ஏற்றுமதிக்குப் பயன்படும் சான்று அது. ஆனால், அதே பிரியான் வகையைச் சேர்ந்த சி.ஜே.டி. நோயால் நாட்டில் ஆண்டுதோறும் எத்தனை பேர் இறக்கின்றனர் என்பதற்கு முழுமையான கணக்கு இல்லை.

மனிதர்களைத் தாக்கும் இந்நோய் பெரும்பாலும் மாட்டிறைச்சியால் வருவதல்ல. காரணமின்றித் தானாகவே தோன்றுகிறது. நன்கு கண்காணிக்கும் நாடுகளில் 10 லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவர் என்ற அளவில் காணப்படுகிறது. இந்தியாவில் முதியோர் விகிதம் குறைவு என்பதைக் கழித்துக்கொண்டாலும், ஆண்டுக்குச் சில நூறு பேராவது இருக்க வேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் பராமரிக்கும் பதிவேட்டிலோ, 1968 முதல் 1997 வரையிலான 30 ஆண்டுகளில் நூறு பேர்கூட இடம்பெறவில்லை. எஞ்சியவர்கள் முதுமை மறதி என்றோ, மனநோய் என்றோ கருதப்பட்டு மறைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். மூளையைப் பிரேதப் பரிசோதனை செய்ய உறவினர்கள் பொதுவாக இசைவதில்லை.

நோயைத் தாமதமாகக் கண்டறிவதன் விலை என்ன என்பதை ஆய்வுகள் உணர்த்துகின்றன. நரம்பணுக்களின் மேற்பரப்பில் இயல்பாகவே உள்ள ஒரு புரதம் வடிவம் பிறழ்ந்து, அருகிலுள்ள புரதங்களையும் தன்னைப்போல் மாற்றுவதே இந்நோய். அணு உடனே இறப்பதில்லை. பிரிட்டனின் லெஸ்டரில் ஜியோவன்னா மலூச்சி குழுவினர் எலிகளில் நடத்தி 2012-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பிறழ்ந்த புரதம் குவியும்போது அணு தனது புரத உற்பத்தியையே நிறுத்திக்கொள்கிறது. அணுக்களுக்கு இடையிலான இணைப்புகளைப் புதுப்பிக்கத் தேவையான புரதங்கள் கிடைக்காமல் முதலில் இணைப்புகள் அறுகின்றன. அணு மடிவது பிறகுதான். உற்பத்தியை மீண்டும் தொடங்கச் செய்தபோது இணைப்புகள் காப்பாற்றப்பட்டன. எலிகள் கூடுதல் காலம் வாழ்ந்தன. மனிதர்களுக்கு இன்னும் நிரூபிக்கப்பட்ட மருந்து இல்லை. வந்தாலும், இணைப்புகள் அறுந்து முடிவதற்குள் நோயாளியைக் கண்டறிந்தால்தான் பலன். அறிகுறி தோன்றியபின் பெரும்பாலோர் ஓராண்டுகூட வாழ்வதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. வழக்கமான நீராவிச் சுத்திகரிப்புக்குப் பிரியான்கள் முழுமையாக அழிவதில்லை. மூளை அறுவைச் சிகிச்சைக் கருவிகளுக்குத் தனி வழிமுறைகளை உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே பரிந்துரைத்தது. நோயாளிக்கு சி.ஜே.டி. இருந்ததே தெரியாதபோது, அவருக்குப் பயன்படுத்திய கருவியைத் தனியே எடுத்துவைக்க எந்த மருத்துவமனைக்கும் காரணம் இருக்காது.