மென்மைக்கும் ஆயுள் குறிக்க வேண்டும்

கல்யாணத்துக்கு வாங்கிய ஷூ. ஓரிரு முறை போட்டுவிட்டுப் பெட்டியில் பத்திரமாக வைத்தது. சில ஆண்டுகள் கழித்து மாட்டிக்கொண்டு நடந்தால், அடிப்பாகம் காய்ந்த களிமண்போல் உதிர்கிறது. மேல்தோலின் பளபளப்பு அப்படியே இருக்கிறது, தையல்கூடப் பிரியவில்லை. செருப்பு தைப்பவரிடம் கொண்டுபோனாலும் ஊசி பிடிக்க அங்கே எதுவும் மிஞ்சவில்லை.

இதில் நம் பராமரிப்பின் குற்றம் எதுவும் இல்லை. பல ஷூக்களின் மெத்தென்ற சோல், பாலியூரித்தேன் நுரையால் ஆனது. அதில் பாலியெஸ்டர் வகை தேய்மானத்தையும் எண்ணெயையும் நன்றாகத் தாங்கும், ஈரத்துக்குத்தான் ஆகாது. காற்றிலுள்ள ஈரப்பதம் உள்ளே புகுந்து மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கிறது. அப்போது உண்டாகும் அமிலம் மேலும் அறுபடத் தூண்டுகிறது. வெப்பமும் புழுக்கமும் உள்ள கடலோர ஊர்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். பாலியீதர் வகை ஈரத்தை இதைவிட நன்றாகத் தாங்கும். எந்த வகை என்பதைப் பெட்டியைப் பார்த்து அறிய வழியில்லை.

பி.வி.சி.யின் சிக்கல் வேறு. இயல்பில் விறைப்பான அதை வளையவைக்க நெகிழ்வூட்டிகளைக் கலக்கிறார்கள். அவை பிளாஸ்டிக்கோடு வேதிப்பிணைப்பில் இல்லாததால் மெல்ல வெளியேறுகின்றன. பி.வி.சி. பூசிய ரெக்சின் பை முதலில் பிசுபிசுக்கும், பிறகு விறைத்து வெடிக்கும்.

கடையில் அழுத்திப் பார்க்கும் விரலுக்கு மென்மை மட்டுமே தெரியும், ஆயுள் தெரியாது. உத்தரவாதம் முடிந்த பிறகு வரும் சேதத்துக்கு விற்றவர் பொறுப்பேற்பதும் இல்லை. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுதுநீக்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைப்பேசி, வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் என நான்கு துறைகளுக்கானது அது. காலணிக்கு அதில் இடமில்லை. இடம் இருந்திருந்தாலும், மூலப்பொருளே பொடியாகும்போது எதைப் பழுது நீக்குவது?

தீர்வு நம் வீட்டிலேயே இருக்கிறது. சமையல் எரிவாயு டியூபில் காலாவதி ஆண்டு அச்சிடப்பட்டிருக்கிறது. ஐந்து ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறார்கள். டயரின் பக்கவாட்டில் தயாரித்த வாரமும் ஆண்டும் நான்கு இலக்கங்களில் இருக்கின்றன. உயிருக்கு ஆபத்து என்பதால் அங்கே முறை வந்தது. ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் காலணிக்கும் பைக்கும், மூலப்பொருளின் வகையும் எதிர்பார்க்கும் ஆயுளும் குறிக்கப்பட வேண்டும். ஆயுளைச் சொல்லியாக வேண்டுமென்றால், நல்ல மூலப்பொருளைத் தேடும் கட்டாயம் தயாரிப்பாளருக்கு வரும்.

அதுவரை, தள்ளுபடி விற்பனையில் பெட்டியின் தயாரிப்பு மாதத்தைப் பார்த்து வாங்குங்கள். சோலின் வயது ஆலையிலிருந்து வெளிவந்த நாளிலிருந்தே ஓடுகிறது. பழைய சரக்கில் மிச்சப்படுத்தும் பணம், பாதி ஆயுள் போன பொருளுக்குக் கொடுக்கும் விலையாகிவிடலாம்.