பந்தல் திராட்சைக்காரர்களுக்கு ஒரு பகிரங்க வேண்டுகோள்

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை சாகுபடி செய்யும் சகோதரர்களுக்கு, அதே மண்ணில் பந்தல் போட்டுப் பிழைக்கும் நாங்கள் எழுதிக்கொள்வது.

சென்ற மழையில், கவாத்து முடிந்து துளிர்த்த கொடிகளில் செவட்டை எனும் அடிச்சாம்பல் நோய் புகுந்து, மருந்துக்கு மேல் மருந்தடித்தும் அடங்காமல் பூங்கொத்துகளைக் கருக்கிவிட்டுப் போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மழையைப் பழித்தோம், மருந்து போலி என்றோம். போலி மருந்தே சந்தையில் இல்லையென்று நாங்கள் சாதிக்க வரவில்லை. ஆயினும், அசல் மருந்தையே ஓயாமல் பிரயோகித்து, அதைத் தாங்கவல்ல நோய்க்கிருமி வித்துகளை மட்டும் தப்பவிட்டுப் பெருக்கிய நமது அலட்சியமும், அந்த அலட்சியத்தை வியாபாரமாக்கிக்கொண்ட கடைகளின் சாமர்த்தியமுமே பிரதான காரணம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

கிருமி மருந்தை மீறுவது புதிதல்ல. 1977இல் விற்பனைக்கு வந்த மெட்டலாக்ஸில் மருந்து, 1980இலேயே அயர்லாந்திலும் ஹாலந்திலும் உருளைக்கிழங்கு வயல்களில் தோற்றது. 1996இல் வந்த ஸ்ட்ரோபிலூரின் இனத்தை, 1998இல் வட ஜெர்மனியின் கோதுமைச் சாம்பல் நோய் மீறிவிட்டது. நம் செவட்டைக் கிருமியே அவ்வினத்தைத் தாங்கி நிற்பது, மகாராஷ்டிரத் தோட்டங்களில் 2016இல் பதிவாயிற்று. கிருமியின் ஒரு புரதத்தில் 143ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்று மாறினால் போதும். பல இடங்களில் ஒருசேரத் தாக்கும் போர்டோ கலவையோ, 1885 முதல் இன்றுவரை பயன் தருகிறது.

கடைகளில் நடப்பது என்ன? அசாக்சிஸ்ட்ரோபின் கேட்கவில்லை என்று போனவருக்குப் பைராகுளோஸ்ட்ரோபின், அதுவும் பலிக்காவிட்டால் பெமாக்சடோன், பிறகு பெனமிடோன். டப்பா வேறு, நிறம் வேறு, விலை ஏறுமுகம். ஆனால் நான்கும் சர்வதேச வகைப்பாட்டில் 11ஆம் எண் பெற்ற ஒரே இனம், ஒன்றைத் தாங்கிய கிருமி ஏனையவற்றையும் தாங்கும் என்பதை, கைமாற்று வாங்கி வந்து நிற்கும் விவசாயியிடம் ஒருவரும் சொல்வதில்லை. வேதிப்பெயரோ பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கவேண்டிய அளவில் அச்சாகியிருக்கிறது!

2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பழத்துக்கு, வருஷம் முழுதும் அறுவடை என்பது தனிப்பெருமை. வருஷம் முழுதும் ஏதேனும் ஒரு பந்தலில் இளந்தளிர் இருப்பதால், கிருமிக்கும் பட்டினிக்காலம் கிடையாது.

ஆகவே வருகிற கவாத்திலிருந்து, நோய் தோன்றுமுன்பே 1 சத போர்டோ கலவையோ மாங்கோசெப்போ அடியுங்கள். ஓரிடத்தை மட்டும் தாக்கும் மருந்துகளில் ஒரே இனத்தை அடுத்தடுத்து அடிக்காமலும், ஒரு பருவத்தில் இருமுறைக்கு மிகாமலும், அளவைக் குறைக்காமலும், மாங்கோசெப் துணையின்றித் தனித்து விடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். நோய் முற்றியபின் அந்த ஓரிட மருந்துகளைத் தொடவே தொடாதீர்கள். வாங்கும்போது இன எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தெரியாத கடைக்கு நாங்கள் இனிப் போவதாக இல்லை.

இவ்வளவு சொல்லியும் கடைச்சீட்டை வேதவாக்காகக் கொண்டு வாரந்தோறும் ஒரே இனத்தை அடிப்பவர், தம் தோட்டத்தை மட்டும் பாழாக்கிக்கொள்வாரானால் நாங்கள் வாய்மூடியிருப்போம்; காற்றில் வரும் வித்து வரப்பை மதிப்பதில்லையாகையால், எங்கள் நஷ்டத்துக்கும் அவரே ஜவாப்தாரி என்று ஊர்க்கூட்டத்தில் பெயர் சொல்லிக் கேட்கத் தயங்கமாட்டோம்.