விழுங்கிய எழுத்து

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய குமாரத்தி பட்டம் பெற்றவள். வீட்டிலிருந்தபடியே கணக்கெழுதும் உத்தியோகம் ஒன்றுக்கு மனுச் செய்திருந்தாள். அமெரிக்காவிலிருந்து பேசிய கனவான் கேட்க வேண்டியதையெல்லாம் தொலைபேசியில் கேட்டுவிட்டு, கடைசியில் திங்கட்கிழமையைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னார். அன்று வேலை தொடங்கலாம் என்பதாக இவள் காதில் விழுந்தது. திங்களன்று பொழுது சாய்ந்த பிறகுதான், தொடங்க முடியாது என்று அவர் சொல்லியிருந்தார் என்பது தெரிய வந்தது. "குறை என் பெண்ணின் செவியிலா, அவருடைய நாவிலா?" என்பது ஆசிரியரின் கேள்வி.

இரண்டிலும் இல்லை. விஷமம் செய்தது அந்தக் கனவானின் குரல்வளை.

இருமுவதற்கு முன் ஒரு கணம் தொண்டை அடைபடுகிறதல்லவா? நிறைகுடத்தைத் தூக்கும்போது மூச்சைப் பிடித்துக் கொள்கிறோமே, அப்போதும் அதே கதவுதான் மூடுகிறது. குரல்நாண்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டு காற்றை நிறுத்திவிடுகின்றன. அந்த நிறுத்தத்தையே ஒரு மெய்யெழுத்தைப் போல் பேச்சில் வழங்கினால், அதுதான் குரல்வளை அடைப்பொலி. அரபு மொழியில் இதற்கு ஹம்ஸா என்று எழுத்தே உண்டு. ஆங்கிலத்தின் 26 எழுத்துக்களில் இதற்கு இடமில்லை; பள்ளிக்கூட அகராதியிலும் அகப்படாது. ஒலி நூலார் மட்டும், கீழே புள்ளியில்லாத கேள்விக்குறியைப் போன்ற ஓர் அடையாளத்தால் இதைக் குறிக்கிறார்கள்.

அகராதியில் இல்லையே தவிர, ஆங்கிலம் பேசுகிறவர்களின் வாயில் தாராளமாக இருக்கிறது. அமெரிக்கர் 'பட்டன்', 'காட்டன்' என்னும்போது நடுவிலுள்ள டகரத்தை நாவினால் வெடிக்காமல் தொண்டையில் அடைத்து, னகரத்தை மூக்கு வழியாக விடுகிறார். லண்டன் நகரத்துச் சாமானியர் 'வாட்டர்' என்பதையே 'வா' என்று தொடங்கி, ஒரு வெட்டு வெட்டி, 'அ' என்று முடித்துவிடுவார். 1914-ல் பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகம் லண்டனில் அரங்கேறிய காலத்தில் இப்படிப் பேசுவது பூக்காரியின் அடையாளமாக இருந்தது. பெரிய மனிதர்கள் கேட்டால் முகம் சுளிப்பார்கள். 1984-ல் டேவிட் ரோஸ்வார்ன் என்பவர், தேம்ஸ் நதியின் முகத்துவாரத்தை வைத்து 'எஸ்சுவரி ஆங்கிலம்' என்று ஒரு பேச்சுக்குப் பெயர் சூட்டினார். பூக்காரியின் தொண்டை அடைப்பு அதற்குள் படித்தவர் நாவிலும் ஏறிவிட்டிருந்தது! ஒரு காலத்தில் நமது உச்சரிப்பைப் பரிகாசம் செய்தவர்களின் சந்ததியார், இன்று தங்கள் பாட்டனார் பரிகசித்த உச்சரிப்பையே பேசுகிறார்கள். இதை நினைத்து நாம் கொஞ்சம் சிரித்துக் கொண்டால் தவறில்லை.

நமக்கு உண்மையில் தொல்லை தருவது சொல்லின் கடைசி எழுத்து. 'கப்', 'சீட்', 'புக்' என்பவற்றின் ஈற்றிலுள்ள வல்லெழுத்தை ஆங்கிலேயர் பல சமயம் வெளியே விடுவதேயில்லை. வாய் மூடுவதோடு தொண்டையும் மூடிக்கொள்கிறது. ஒலி அங்கேயே அமுங்கிவிடுகிறது. நம் மொழியின் வழக்கம் இதற்கு நேர் விரோதம். சொல்லின் ஈற்றில் வரத்தக்க எழுத்துக்கள் 24 என்று நன்னூலார் வகுத்தாரே, அதில் வல்லின மெய் ஒன்றுகூட இல்லை. பாட்டு, நாக்கு, பருப்பு என்று குற்றியலுகரத்தின் தோளில் ஏற்றித்தான் வல்லினத்தை வெளியே அனுப்புகிறோம். எனவேதான் 'புக்'கையும் 'புக்கு' ஆக்குகிறோம். அந்த உகரத்துக்காகக் காத்திருக்கும் நமது செவி, அது வராவிட்டால் எழுத்தே வரவில்லை என்று எண்ணிவிடுகிறது.

ஆகவே, கேட்கும்போது கடைசி மெய்யைத் தேடிப் பயனில்லை. அதற்கு முந்திய உயிரைக் கவனிக்க வேண்டும். இருக்கை என்று பொருள்படும் 'சீட்', விதை என்று பொருள்படும் 'சீட்' இரண்டையும் நாம் ஒரே மாதிரி எழுதுகிறோம். ஆங்கிலேயர் வாயில் முதலாவதில் ஈகாரம் சட்டென்று அறுபடும், இரண்டாவதில் நீளும். குறில் நெடில் பயின்ற நமக்கு இது பிடிபடாத வித்தையல்ல.

இனித் திங்கட்கிழமைக்கு வருவோம். 'முடியும்' என்பதற்கு அமெரிக்கர் சாதாரணமாக வாக்கியத்தின் நடுவே 'கன்' என்று ஒதுக்கிச் சொல்லிவிட்டுப் போவார். 'முடியாது' என்றால்தான் 'கேன்' என்று அழுத்தி, கடைசி டகரத்தைத் தொண்டையில் விழுங்குவார். நாமோ 'முடியும்' என்பதற்குத்தான் முழுக் 'கேன்' சொல்லிப் பழகியிருக்கிறோம். எனவே அவர் அழுத்திச் சொன்ன மறுப்பு நமக்கு அழுத்தமான சம்மதமாகக் கேட்கிறது! இங்கிலாந்துக்காரர் 'கான்ட்' என்று ஆகாரம் கொடுத்துப் பேசுவதால் அவரிடத்தில் இந்த அபாயம் குறைவு.

நாமும் எழுத்தை விழுங்கப் பழக வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். அவசியமே இல்லை என்பது நமது அபிப்பிராயம். வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியாரை 'வெள்ளி நாவினர்' என்று ஆங்கிலேயர்களே கொண்டாடினார்கள். அவர் ஒன்றும் லண்டன் வீதியில் வளர்ந்தவரல்லர். ஒட்டிக்கொள்ளும் உகரத்தை மட்டும் உதிர்த்துவிட்டு, டகரத்தைத் தைரியமாக உச்சரிக்கலாம். மறுக்கும் இடத்தில் 'கேனாட்' என்று முழுமையாகச் சொல்லலாம். எதிரே பேசுகிறவர் சொன்னது விளங்காவிட்டால், 'முடியுமா, முடியாதா?' என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

அதற்கு அவர் வார்த்தையால் பதில் சொன்னால் சரி. வெறும் முனகலாகச் சொல்லிவிட்டால் இன்னொரு சங்கடம் காத்திருக்கிறது. நடுவில் ஹகரம் கேட்டால் அவர்களுக்கு அது 'ஆம்'. ஹகரத்துக்குப் பதிலாகத் தொண்டை அடைத்தால் 'இல்லை'. நமது 'ஊஹூம்' என்பதிலோ ஹகரம் இருக்கிறது, அர்த்தம் மட்டும் 'இல்லை'! ஆகையால் அந்தக் கனவான் அடுத்த முறை வாயைத் திறவாமலே 'உம்ஹும்' என்றால், நமது பெண்கள் மனமுடைந்து தொலைபேசியை வைத்துவிட வேண்டாம். உத்தியோகம் கிடைத்திருக்கிறது.