மாமா இன்னும் கூடத்தில்தான் இருக்கிறார்!

விடிந்தால் 1-ம் தேதி. சம்பளம் போட வேண்டிய சர்வர், ராத்திரி இரண்டு மணிக்கு 'டிஸ்க்கில் இடமில்லை' என்று கையை விரிக்கிறது. நைட் ஷிஃப்ட் பையன் தேடித் துழாவி, 40 ஜி.பி.க்குக் கொழுத்திருந்த லாக் ஃபைல் ஒன்றைக் கண்டுபிடித்து அழிக்கிறான். அப்பாடா என்று 'டி.எஃப்.' அடித்துப் பார்த்தால், அப்போதும் 100 சதவீதம்! 'டி.யூ.' போட்டுக் கூட்டினாலோ அந்த 40 ஜி.பி. கணக்கிலேயே இல்லை. யார் புளுகுவது?

ரெண்டு பேரும் நிஜம்தான் பேசுகிறார்கள். 1969-ல் பெல் லாபரட்டரியில் பிறந்த யூனிக்ஸின் வம்சத்தில், லினக்ஸ் உள்பட, ஃபைல் வேறு, அதன் பெயர் வேறு. 'ஆர்.எம்.' அடித்தால் டைரக்டரியிலிருந்து பெயர்தான் போகும். ரேஷன் கார்டில் மாமாவின் பேரை அடித்துவிட்டீர்கள். மாமா கூடத்தில் ஈஸிசேரில்தான் சாய்ந்திருக்கிறார். டி.யூ. கார்டைப் பார்த்துத் தலை எண்ணுகிறது. டி.எஃப். வீட்டுக்குள்ளேயே எட்டிப் பார்க்கிற ஆசாமி. லாக் எழுதும் ப்ரோக்ராம் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும்வரை மாமா நகரமாட்டார்.

இது கோளாறு இல்லை, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. தாற்காலிக ஃபைலைத் திறந்ததுமே பெயரை அழித்துவிட்டு, சாவகாசமாக உபயோகிக்கிற ப்ரோக்ராம்கள் உண்டு. நடுவில் மண்டையைப் போட்டாலும் குப்பை மிஞ்சாது. நல்ல யோசனைதான். ராத்திரி இரண்டு மணிக்கு அப்படித் தோன்றாது.

'எல்.எஸ்.ஓ.எஃப்.' என்றொரு கட்டளை, பெயர் போயும் திறந்திருக்கும் ஃபைலை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுக்கும். அந்த சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் போதும், இடம் திரும்பிவிடும். பதறிப்போய் மெஷினையே அணைக்க வேண்டாம். அடுத்த தடவை லாகை அழிக்காமல், வேண்டியதை வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிட்டு 'ட்ரங்கேட்' செய்யுங்கள். மாமா இருந்துவிட்டுப் போகட்டும், மூட்டை முடிச்சு காலி.

இத்தனை கூத்தும் நடுவில் ஒரு சுவர் இல்லாததால்தான். லாக் குடியிருக்கும் 'வார்' டைரக்டரி தனி பார்ட்டிஷனில் இருந்தால், அது மட்டும்தான் திணறும், ரூட் பிழைக்கும். எவ்வளவு ஒதுக்குவது என்று முதல் நாளே எப்படித் தெரியும் என்பீர்கள். நியாயம். எல்.வி.எம். போட்டு, கொஞ்சம் இடத்தை யாருக்கும் தராமல் கையில் வைத்திருங்கள். இ.எக்ஸ்.டி.4 என்றால் ஓடும்போதே பெரிதாக்கலாம். சின்னதாக்க அன்மவுண்ட் செய்தே ஆகவேண்டும். ஆகவே ஆரம்பத்தில் கஞ்சத்தனம் உத்தமம்.

இன்னொரு சமாசாரம். இ.எக்ஸ்.டி.4 வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கிவிடும். 100 சதவீதம் என்று காட்டும்போதும் ரூட்டாக உள்ளே போய் வேலை பார்க்க முடிவது அதனால்தான். (லாக் எழுதுவதே ரூட் என்றால் அந்த 5-ம் அம்பேல்.) 2 டி.பி. டிஸ்க்கில் இது 100 ஜி.பி.! படமும் பாட்டும் மட்டும் வைக்கிற டிஸ்க் என்றால் 'டியூன்2எஃப்.எஸ்.' கொண்டு 1 சதவீதமாகக் குறைத்துக்கொள்ளலாம். ரூட் பார்ட்டிஷனில் மட்டும் கை வைக்காதீர்கள்.