ரத்தினக் கம்பளத்தின் மறுபுறம்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிகை வந்த உறவினரை உட்கார வைக்கப் பரணிலிருந்த பழைய ரத்தினக் கம்பளத்தை இறக்கினோம். சாயம் மங்கிய அதைக் கொடுத்துவிட்டுப் பளபளப்பான யந்திரக் கம்பளமொன்று பெற்றுக்கொள்ளும்படி வியாபாரி ஒருவர் யோசனை சொன்னார். நாமும் இசைந்தோம். மடிக்கும் போதுதான் மறுபுறம் கண்ணிற் பட்டது.

அங்கே ஒவ்வொரு முடிச்சும் தெரிந்தது! பருத்திப் பாவில் கம்பளி இழையைக் கையால் முடிந்து, அறுத்து, வரிசை முடிந்ததும் ஊடை செலுத்திச் சீப்பால் அடித்து இறுக்குவது இத்தொழிலின் முறை. சதுர அங்குலத்துக்கு 100 முடிச்சென்றால், ஆறடிக்கு நாலடிக் கம்பளத்துக்கு 3,45,600 முடிச்சுகள். நாளொன்றுக்கு 6,000 போட்டாலும் ஒருவருக்கு இரண்டு மாத வேலை.

வடக்கே ஏலூரிலும், நமக்கு அணித்தே வாலாஜாபேட்டையிலும் முன்னாளில் இத்தொழில் நடந்தது. ஏலூருக்கு இதைக் கொணர்ந்தோர் பாரசீகர் என்பர். அங்கத்திய கம்பளங்களில் பாரசீகப் பூங்கொடிகள் படர்ந்திருப்பது அதற்கிசைந்ததே. நீலத்துக்கு அவுரி, சிவப்புக்குச் சாயவேர் என்பது தென்னாட்டுச் சாயக்காரர் வழக்கம். 1856-ல் லண்டனில் பெர்க்கின் செயற்கைச் சாயம் கண்டார். பின்னர் அத்தகைய மலிவுச் சாயங்கள் இங்கும் புகுந்தன. சிறைச்சாலைத் தறிகளும் போட்டிக்கு வந்தன. இவ்விரண்டாலும் கலை கெடுவதை ஆங்கிலேயரான ஜார்ஜ் பேர்ட்வுட்டே கண்டித்தெழுதினார்.

வியாபாரியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கம்பளத்தை நிழலில் உலர்த்தினோம். நேயர்களே! உங்கள் பரணிலும் ஒன்றிருக்கலாம். ஓரத்துக் குஞ்சம் தைத்து ஒட்டியதா, பாவு நூலே நீண்டு வந்ததா என்று பாருங்கள். பாவு நூலேயானால், மறுபுறத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.